விடிய விடிய விழித்திருப்பவன்: ஒரு பச்சை உடம்புக்காரியும் நான்கு ரத்தக்காட்டேரி நாவல்களும்

இது 28 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. முதல் பிரசவம், அவசர சிசேரியன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கணவரோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். காலம், 2011 அக்டோபரிலிருந்து 2012 மார்ச் வரை. சியாட்டிலைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்களின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்வது என்று நாங்கள் சிலர் செய்துவந்தோம். அந்த வழியில்தான் இவர் பழக்கம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் போனில் சொன்ன புகார் இது: "அக்கா, ராத்திரி பூரா ஏதோ ரத்தக்காட்டேரி லவ் ஸ்டோரி படிக்கிறா. தூங்குன்னா தூங்க மாட்டேங்கிறா. பகல்ல உட்கார்ந்து அழறா. நீங்க ஒரு தடவை வந்து பேசுங்க." ஊரிலிருந்து மாமியாரும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார், பச்சை உடம்போடு படித்தால் கண் போய்விடும் என்று. இரண்டு பேரும் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வீட்டில் என்ன குறைகிறது என்பதை அந்தப் புத்தகங்களே மிகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

அம்மா இருந்த நாட்கள்

கல்யாணமாகி 2010-இல் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில் வந்தவர். சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தவர், அப்போது இங்கே வேலைக்குப் போக அனுமதி கிடையாது. கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தபோதே கர்ப்பம். நெடுநேரம் வலி எடுத்து, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து, 2011 ஆகஸ்ட் தொடக்கத்தில் சிசேரியன்.

அவருடைய அம்மா ஜூலையிலேயே வந்துவிட்டார். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், வயிற்றுக் கட்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கால் நீட்ட இடமில்லாமலே குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அடிக்கும் என்று மருமகன் சொன்னதால் அதை மட்டும் விட்டுவிட்டார். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இந்த ஆய்வுக்கு முக்கியமானது ராத்திரியில் நடந்தது.

இரண்டு மணிக்குக் குழந்தை அழும். மகள் எழுந்து பால் கொடுப்பார். பால் குடித்து முடித்ததும் அம்மா குழந்தையை வாங்கிக்கொள்வார். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, மடியில் ஆட்டித் தூங்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மகள் அதற்குள் தூங்கியிருப்பார். இரண்டு மணிப் பாலுக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதே பத்து வாரம் அவருக்குத் தெரியாது.

அக்டோபர் ஆரம்பத்தில் குழந்தையின் இரண்டு மாதப் பரிசோதனை. அன்று தாய்க்குக் கொடுத்த மனநலக் கேள்வித்தாளில் கவலைப்பட ஒன்றுமில்லை. அக்டோபர் நடுவில், அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அம்மா ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. கணவருக்கு அலுவலகத்தில் கிடைத்த இரண்டு வார விடுப்பு ஆகஸ்டிலேயே தீர்ந்திருந்தது.

மழை, நூலகம், முதல் புத்தகம்

நவம்பரில் சியாட்டில் பக்கம் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். தூறல் நிற்காது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நடக்கக்கூடிய ஒரே சூடான இடம் நூலகம்தான். அந்த மாதம் 18-ஆம் தேதி, 'ட்விலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் தொடரில் வரும் 'பிரேக்கிங் டான்' நாவலின் முதல் பாகம் படமாக வெளியாக இருந்தது. எங்கு பார்த்தாலும் அந்தச் சுவரொட்டி. நூலகத்தின் நுழைவுப் பகுதியிலும் அந்தத் தொடரின் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் 'ட்விலைட்' முதல் நாவலை எடுத்ததற்கு வேறு பெரிய காரணம் ஏதுமில்லை. கதை நடப்பது ஃபோர்க்ஸ் என்ற ஊரில், இதே மாநிலம், மழையும் இருட்டும் என்று பின்னட்டையில் பார்த்தாராம். "நம்ம ஊருதானே" என்று எடுத்துக்கொண்டாராம்.

ஃபோர்க்ஸ் உண்மையான ஊர். ஒலிம்பிக் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில், நாலாயிரம் பேருக்கும் குறைவாக வசிக்கும் மரம் வெட்டுபவர்களின் ஊர். சியாட்டிலிலிருந்து காரில் போக நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். நாவலை எழுதிய ஸ்டெஃபனி மேயர் அதுவரை அந்த ஊரைப் பார்த்ததில்லை. அவர் இருந்தது அரிசோனாவின் பாலைவனத்தில். அமெரிக்காவில் அதிக மழை பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடித்தான் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார்.

மேயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதையின் விதையான கனவு அவருக்கு வந்தது 2003 ஜூன் 2-ஆம் தேதி. பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடங்கிய நாள் என்பதால் தேதி நினைவிருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 29, மூன்று சின்னப் பையன்களின் தாய். அதற்கு முன் எதையும் பிரசுரித்ததில்லை. பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரியில் எழுதினார். மூன்று மாதத்தில் நாவல் முடிந்தது, 2005-இல் வெளிவந்தது. நான்காவது நாவலான 'பிரேக்கிங் டான்' 2008 ஆகஸ்ட் 2-ஆம் தேதி வெளியானபோது அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள் விற்றது. பதின்வயதுப் பெண்களுக்கென்று போட்ட புத்தகத்தைத் தாய்மார்களும் கூட்டம் கூட்டமாகப் படித்தார்கள். அவர்களுக்கென்று தனி ரசிகர் குழுவே 2007-இல் உருவாகிவிட்டது. பள்ளிக்கூடக் காதல் கதையில் பிள்ளைக்காரிகளுக்கு என்ன வேலை என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். எழுதியவரே தூக்கத்தைக் கடன் வாங்கி எழுதிய ஒரு பிள்ளைக்காரி என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

நான் பார்த்தது

நான் போன முதல் நாள் மத்தியானம் அவர் சோபாவில் பாதி சாய்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பைச் சுற்றி அரைவட்டத் தலையணை, அதன் மேல் குழந்தை, குழந்தையின் காலுக்கு அருகே திறந்த புத்தகம். ஒரு கை குழந்தையின் தலைக்கு அடியில். இன்னொரு கையின் கட்டை விரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தார். பக்கம் திருப்ப வேண்டுமென்றால் விரலை எடுக்க வேண்டும், எடுத்தால் புத்தகம் மூடிக்கொள்ளும். அதனால் முழங்கையால் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டு திருப்பினார். பார்க்கவே சிரமமாக இருந்தது, அவருக்கு அது பழகிப்போயிருந்தது. இரண்டாம் புத்தகத்திலிருந்து போனில் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அறை விளக்கைப் போட வேண்டியதில்லை.

ராத்திரியில் எப்போது படிக்கிறீர்கள் என்று விவரமாகக் கேட்டேன். அதில் இரண்டு வேறு வேறு படிப்பு இருந்தது தெரிந்தது. ஒன்று, பால் கொடுக்கும்போது. அந்த அரை மணி நேரம் எப்படியும் விழித்திருக்க வேண்டியதுதான். சொல்லப்போனால், விழித்திருப்பது நல்லது. சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு கண்ணயர்ந்துவிடுவது மிகவும் ஆபத்தானது, குழந்தைக்கு மூச்சு அடைத்துப்போகும். 2011 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் புதுப்பித்த தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலும் இதை அழுத்திச் சொன்னது. கதை அவரை விழிக்க வைத்திருந்தது என்றால் அது அந்தக் குழந்தைக்கு நன்மைதான்.

இன்னொன்று, குழந்தையைத் தொட்டிலில் விட்ட பிறகு. அப்போதும் ஒரு அத்தியாயம், சில நாள் இரண்டு. முக்கால் மணி நேரம் போய்விடும். அடுத்த பாலுக்கு நடுவில் கிடைப்பதே இரண்டரை மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் என்பது பெரிய இழப்பு. கணவரின் கோபம் இதில்தான், அது நியாயமும்கூட. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "அந்த நேரத்துல மட்டும்தான்க்கா யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். யாரைப் பிடித்திருக்கிறது, கதாநாயகனான ரத்தக்காட்டேரி எட்வர்டையா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். "அவன் அழகெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அவன் தூங்கவே மாட்டான். அவ தூங்கறப்போ பக்கத்துலயே உட்கார்ந்திருப்பான். அந்த இடம் வந்தா மட்டும் திருப்பித் திருப்பிப் படிப்பேன்."

இரண்டாம் புத்தகத்தின் காலிப் பக்கங்கள்

'நியூ மூன்' நாவலில் எட்வர்ட் தன் காதலி பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான். அதன் பிறகு சில பக்கங்களில் கதையே கிடையாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். அந்தப் பெண் அந்த மாதங்களை வாழவில்லை, கடத்தினாள் என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிடும்.

இவருடைய அம்மா போனதும் அக்டோபரில். அந்தப் பக்கங்களை எனக்குப் போனில் காட்டினார். ஒன்றும் பேசவில்லை, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான்காவது பக்கம் வந்ததும், "எனக்கு நவம்பர் ஞாபகமே இல்லக்கா" என்றார். தீபாவளிக்கு என்ன செய்தோம் என்பதுகூட அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 26-ஆம் தேதி வந்தது, அம்மா போன பத்து நாளுக்குள்.

அதுவரை கணவரிடமோ, போனில் அம்மாவிடமோ தன் நிலைமையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவார், கணவரிடம் சொன்னால் உடனே ஒரு தீர்வு சொல்வார். தன்னுடைய நிலையை அடுத்தவருக்குக் காட்ட அவருக்குக் கிடைத்தது அந்த நான்கு காலிப் பக்கங்கள்தான். புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

நான்கு மாதப் பரிசோதனை

டிசம்பர் தொடக்கத்தில் குழந்தையின் நான்கு மாதப் பரிசோதனை. மறுபடியும் அதே கேள்வித்தாள். எடின்பரோ அளவுகோல் என்று சொல்வார்கள். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை, மொத்தம் 30 மதிப்பெண். பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும், 13-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இது நோய் இன்னதென்று சொல்லும் பரிசோதனை இல்லை, மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமா என்று காட்டும் தாள்தான். இவருக்கு 12 வந்தது. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்று எழுதியிருந்தார்.

அந்தத் தாளின் இரண்டாவது கேள்வி, ஏதாவது ஒன்றை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்பதைப் போன்றது. அதற்கு மட்டும் நல்ல பதில் கொடுத்திருந்தார். எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, ராத்திரிப் பாலை என்றாராம். பால் கொடுக்கும் நேரத்தில் படிக்கலாமே.

டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வியை இப்போது நான் பார்க்கிற எல்லோரிடமும் கேட்கிறேன். புத்தகம் கையில் இல்லை, குழந்தையும் தூங்குகிறது, அப்போது படுத்தால் தூக்கம் வருகிறதா? குழந்தை தூங்கும்போதும் தாயால் தூங்க முடியவில்லை என்றால் அது எச்சரிக்கைக் குறி, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். இவருக்குத் தலை சாய்த்ததும் தூக்கம் வந்தது. ஆகவே இவருக்குத் தூக்கம் கெட்டுப்போகவில்லை. துண்டு துண்டாக உடைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு தூக்கச் சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். இரண்டு சுற்று முடிவதற்குள் எழுப்பப்படுகிற உடம்பு எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தேறாது.

டாக்டர் சொன்னதும் எளிமையானதுதான். ஒரு நாளில் ஒரு தடவையாவது ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க வேண்டும். இரவு எட்டரைக்குத் தாய் படுத்துவிடுவார். பத்தரை மணிப் பாலை, எடுத்து வைத்த தாய்ப்பாலாக, கணவர் புட்டியில் கொடுப்பார். ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் தூங்கவைப்பதும் அவர்தான். ஒன்றரைக்கு மேல் தாயின் முறை. பால் கொடுக்கும்போது படிக்கலாம், சோபாவில் சாயாமல் நேர் நாற்காலியில். குழந்தையைத் தொட்டிலில் விட்டதும் போனை வைத்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்கு உதவும் ஓர் அமைப்பின் தொலைபேசி எண்ணும் கொடுத்தனுப்பினார். இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், குறையவில்லை என்றால் சிகிச்சை தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்.

கணவர் முதல் வாரம் தடுமாறினார். புட்டியைக் குழந்தை துப்பியது. பக்கத்து அறையில் அழுகை கேட்டும் எழுந்திருக்காமல் இருப்பதுதான் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் என்றார் அவர் மனைவி. ஏழெட்டு நாளில் குழந்தை அப்பாவின் கைக்குப் பழகிவிட்டது.

பிரசவ அத்தியாயம்

எனக்குப் பயமிருந்தது நான்காவது புத்தகத்தைப் பற்றித்தான். அதில் வருகிற பிரசவம் கொடூரமானது. வயிற்றிலிருக்கும் குழந்தை தாயின் எலும்பை முறிக்கிறது. ரத்தம் வழிய, கணவனே பல்லால் கிழித்துக் குழந்தையை எடுக்கிறான். அவசர அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்று ஐந்து மாதமான ஒருத்தி தனியாக, ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கக்கூடியதா அது? என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே சொன்னேன். வேண்டுமென்றால் தாண்டிவிடலாம், படிப்பதாயிருந்தால் பகலில், நான் இருக்கும்போது படியுங்கள் என்றேன். பகலில் படித்தார்.

அந்தப் பகுதியைப் பெல்லா சொல்வதில்லை. நாவலின் நடுப்பகுதி முழுவதையும் அவளுடைய நண்பன் ஜேக்கப் சொல்கிறான், பிரசவமும் அவன் கண்ணால்தான் வருகிறது. பெற்றவள் அல்ல, பக்கத்தில் நின்றவன் சொல்கிறான். படித்து முடித்ததும் இவர் சொன்னார்: "என்னை உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் என்ன ஆச்சுன்னு இவர்கிட்ட நான் கேட்டதே இல்ல."

அன்று ராத்திரி கேட்டிருக்கிறார். கணவர் சொல்லியிருக்கிறார். பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, குழந்தை உடனே அழாதது, அந்தச் சில நொடிகள் தான் யாரைக் கும்பிட்டேன் என்பது உட்பட எல்லாம். ஐந்து மாதமாக இரண்டு பேரும் பேசாத விஷயம். இதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே அத்தியாயம் இன்னொருத்தியைக் குலைத்துவிடவும் கூடும்.

அவர் எதைப் படித்தார்

பிள்ளை பிறந்த பிறகு பெல்லா ரத்தக்காட்டேரியாக மாறி விழிக்கிறாள். வலி இல்லை, களைப்பு இல்லை, தூக்கமே தேவையில்லை. குழந்தையோ ராத்திரி முழுக்கத் தூங்குகிறது. அந்தக் குழந்தையைத் தூக்க வீட்டில் வரிசை நிற்கிறது: தாத்தா, பாட்டி, சித்தப்பன்மார், அத்தைமார், போதாக்குறைக்கு ஜேக்கப். எட்வர்டின் சகோதரி ரோசலி கீழே விட மறுக்கிறாள். தூங்கும் குழந்தை, தூங்கத் தேவையில்லாத பெரியவர்கள். ரெட்மண்ட் வீட்டில் எல்லாம் நேர்தலைகீழாக இருந்தது. தூங்காத குழந்தை, தூக்கத்துக்கு ஏங்கும் இரண்டே பெரியவர்கள்.

இந்த வாசிப்பைக் காதல் ஏக்கம் என்று கணவர் எடுத்துக்கொண்டார், உள்ளூரக் காயமும் பட்டிருந்தார். நான் அப்படிப் பார்க்கவில்லை. எட்வர்ட் செய்கிற வேலை, அக்டோபர் வரை அந்தப் பெண்ணின் அம்மா செய்த வேலை. நம் ஊரில் பிள்ளை பெற்றவளைத் தனியாகப் படுக்க விடமாட்டார்கள். பக்கத்தில் ஒருத்தி படுத்திருப்பாள், பாதித் தூக்கத்திலும் காது திறந்திருக்கும். பத்தியம், கட்டு, லேகியம் எல்லாவற்றையும் விட அந்தத் துணைதான் பெரிய மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறு மாத விசாவில் அது வருகிறது, அல்லது அதற்கும் முன்னால் கிளம்பிவிடுகிறது. அதன் பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. இவர் அங்கே ஒரு கதாபாத்திரத்தை உட்காரவைத்திருந்தார்.

எட்வர்ட் நல்ல முன்மாதிரி என்று நான் சொல்லவரவில்லை. முதல் நாவலில் அவளுக்குத் தெரியாமலே சன்னல் வழியாக அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான். யாரோடு பழகலாம், எங்கே போகலாம் என்பதிலும் தலையிடுகிறான். பதினாறு வயதுப் பெண்ணிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் நான் கட்டாயம் உட்கார்ந்து இதைப் பேசுவேன். ஆனால் 28 வயதில், தையல் வலியோடு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறவள் அதே காட்சியில் படிப்பது வேறு. எனக்குப் பதிலாக ஒருவர் விழித்திருக்கிறார், நான் கண்ணை மூடலாம் என்பதை அவள் படிக்கிறாள்.

பிறகு

டிசம்பர் கடைசியில் மறுபடி கேள்வித்தாள் நிரப்பியபோது 8 வந்தது, பிப்ரவரியில் 5. மருந்து தேவைப்படவில்லை. புத்தகத்தால் குறைந்தது என்று நான் எழுத மாட்டேன். ஐந்து மணி நேரத் தூக்கம், கணவரின் பத்தரை மணி, நாங்கள் மாறி மாறிப் போனது, குழந்தை வளர்ந்தது எல்லாம் சேர்ந்துதான் குறைந்தது. ஆனால் எங்கே வலிக்கிறது என்று காட்டியது புத்தகம்.

பிப்ரவரியில் குழந்தையும் இரவில் ஐந்து மணி நேரம் தூங்க ஆரம்பித்தது. 'பிரேக்கிங் டான்' கடைசிப் பகுதியில் எதிரிகள் திரண்டு வருகிறார்கள், பெரிய மோதல் நெருங்குகிறது. அந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார், முடிவைத் தெரிந்துகொள்ளக்கூட ஆசைப்படவில்லை. மார்ச்சில் ஓட்டுநர் உரிமம் வாங்கினார், வெள்ளிக்கிழமைகளில் நூலகத்தின் குழந்தைகள் கதை நேரத்துக்குப் போக ஆரம்பித்தார்.

தீராமல் நின்றது ஒன்று உண்டு. வேலைக்குப் போக முடியாத அந்தத் தனிமை. எச்-4 விசாவில் இருக்கும் மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்க வழி திறந்தது 2015 மே 26-ஆம் தேதிதான். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்ததால் இவரும் அந்தக் கோடையில் விண்ணப்பித்தார். குழந்தைக்கு அப்போது நான்கு வயது முடியும் தறுவாய்.